ஓய்வு பெற்ற டாக்சி, வீட்டுக்கு வந்த சோபா!

குர்லா பட்டறையில் பழைய கார்கள் மேஜை, நாற்காலி ஆகின்றன

காயலான் கடைக்குப் போன கார், வீட்டுக்குள் சோபாவாகத் திரும்பி வருமா?

வரும். வந்திருக்கிறது. தாராவியில், பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள ஓர் அறையில், சுவரோரமாக அது கிடக்கிறது. கருநீல ரெக்சின் போட்ட சோபா. 3 பேர் தாராளமாக உட்காரலாம். உட்கார்ந்தால் லேசாக அமுங்கி, மறுபடியும் மேலே தூக்கிக் கொடுக்கிறது. மும்பையில் டாக்சி ஏறிய யாருக்கும் அந்த அமுக்கம் தெரியும். பிரிமியர் பத்மினி காரின் பின் சீட்டு அது.

அந்த வண்டியை 20 ஆண்டு ஓட்டியவர்தான் வீட்டுக்காரர். நெல்லைச் சீமையில் இருந்து 17 வயதில் மும்பைக்கு வந்தவர். வண்டியை நிறுத்தியபோது அவருக்கு வயது 66. சீட்டைச் சோபாவாக மாற்றிக் கொடுத்தவர், குர்லாவில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் இன்னொரு நெல்லைக்காரர். அவருக்கு வயது 54. "பெயர் எல்லாம் வேண்டாம், வேலையைப் பற்றி எழுதினால் போதும்" என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள்.

குர்லாவில் பிறந்த வண்டி

பத்மினியின் கதை மும்பைத் தமிழர்களுக்குப் புதிது அல்ல. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் வந்து இறங்கி, தகரப் பெட்டியையும் மூட்டையையும் டாக்சியின் தலைமேல் ஏற்றி, பின் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து தாராவிக்கோ, சயானுக்கோ முதல் தடவையாகப் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை குர்லாவில் இருந்தது. இத்தாலி நாட்டு பியட் கம்பெனியின் 1100 ரகக் கார், 1964 முதல் "பியட் 1100 டிலைட்" என்ற பெயரில் அங்கே தயாரானது. 1974-ல் "பிரிமியர் பத்மினி" என்று பெயர் மாறியது. சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அது. ஆனால் மும்பைக்காரர்கள் வாயில் கடைசி வரை அது "பியட்" தான்.

2000-ம் ஆண்டுவாக்கில் உற்பத்தி நின்றது. டாக்சியாகப் பதிவான கடைசி பத்மினி, 2003 அக்டோபர் 29-ந்தேதி தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. மும்பையில் டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. எனவே 2023 அக்டோபர் 30-ந்தேதியில் இருந்து நகரத்துச் சாலையில் பத்மினி டாக்சி இல்லை. பழைய டபுள் டெக்கர் பஸ்கள் அதற்கு ஒன்றரை மாதம் முன்னால், செப்டம்பர் 15-ந்தேதியோடு நின்றன. ஒரு பத்மினியையாவது சாலையிலோ, மியூசியத்திலோ காப்பாற்றி வைக்க வேண்டும் என்று டாக்சிக்காரர்களின் சங்கம் அப்போது கோரிக்கை விடுத்தது.

குர்லாவில் பிறந்த வண்டிகளில் பல, குர்லாவிலேயே கண்ணை மூடின. சி.எஸ்.டி. ரோடு ஓரமாக வரிசையாகப் பழைய இரும்புக் கடைகள். ஊரில் காயலான் கடை. இங்கே பங்கார் கடை. கதவு ஒரு பக்கம், போனட் ஒரு பக்கம், என்ஜின் ஒரு பக்கம் என்று கிடக்கும்.

"பின் சீட்டு மட்டும் போதும்"

தாராவி டிரைவரின் வண்டியும் 2003-ல் பதிவான வண்டிதான். கெடு நெருங்கியபோது, வண்டியை அப்படியே வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை. எங்கே வைப்பது? சந்தில் சைக்கிள் போவதற்கே இடம் கிடையாது.

வண்டியை நிறுத்திய மறுவாரம் குர்லா பட்டறைக்குப் போனார். அந்த வண்டிக்குப் பிறந்த நாள் முதல் நசுங்கல் எடுத்தவர் அந்த டிங்கர்தான்.

"தம்பி, பின் சீட்டை மட்டும் கழற்றிக் கொடு. வீட்டில் போட்டு உட்காரணும்" என்றார்.

"என்ன அண்ணாச்சி, மீட்டரைக் கேட்பீங்க, ஸ்டீரிங்கைக் கேட்பீங்கன்னு பார்த்தா, பின் சீட்டைக் கேட்கீங்களே!" என்று டிங்கர் சிரித்தாராம்.

அதற்கு டிரைவர் சொன்ன பதில்: "20 வருஷம் முன்னால உட்கார்ந்துட்டேன். பின் சீட்டுல ராத்திரி சவாரி இல்லாதப்போ படுத்திருக்கேன். ஒரு நாளும் உட்கார்ந்தது இல்லையேப்பா."

டிங்கர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பதிவை ரத்து செய்த காகிதத்தைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார்.

சீட்டு சோபா ஆகும் விதம்

கார் சீட்டைத் தூக்கித் தரையில் போட்டால் சோபா ஆகிவிடாது. காரில் உட்காருகிறவர் காலை முன்னால் நீட்டி உட்காருகிறார். அதனால் சீட்டு தாழ்வாக இருக்கும். வீட்டில் காலைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். சீட்டின் முன் ஓரம் தரையில் இருந்து ஒன்றேகால் அடிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வயதானவர்கள் எழுந்திருக்க முடியாது.

சாய்மானமும் அப்படித்தான். காரில் உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும். வீட்டில் அவ்வளவு சாய்ந்தால் காபி குடிக்க முடியாது. சற்று நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ரொம்பவும் நிமிர்த்தினால் ரெயில் பெஞ்சு மாதிரி ஆகிவிடும். டிங்கர் முதலில் செங்கல் அடுக்கி, அதன் மேல் சீட்டை வைத்து, டிரைவரை உட்காரச் சொன்னார். ஒரு செங்கல் ஏற்றி, ஒரு செங்கல் இறக்கி, "இப்போ சரியா அண்ணாச்சி?" என்று கேட்டுக் கேட்டு அளவு எடுத்தார். பிறகுதான் இரும்புக் குழாயை வெட்டினார்.

பிரித்துப் பார்த்தபோது உள்ளே நிலைமை சரியில்லை. மேலுறை நைந்துபோயிருந்தது. அடைப்பு எல்லாம் பொடியாக உதிர்ந்தது. 20 ஆண்டு மழைத்தண்ணீர், வியர்வை, சிந்திய டீ எல்லாம் அதில் இருந்தன. மூட்டைப்பூச்சியும் இருந்தது. பஞ்சு, துணி, கயிறு அத்தனையையும் கழித்து வெளியே தள்ளினார்கள். மிஞ்சியது சுருள் வில் மட்டும்தான். அது ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. இரண்டு சுருள் சாய்ந்திருந்தன. கம்பி போட்டுக் கட்டி நிமிர்த்தினார்.

வில்லை மண்ணெண்ணெயில் கழுவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, சிவப்பு பிரைமர் அடித்தார். அதன் மேல் சாக்குத்துணி, அதன் மேல் புது ஸ்பாஞ்சு, அதற்கு மேல் ரெக்சின். ரெக்சின் தைத்தவர் அடுத்த கடைக்காரர். டாக்சிகளுக்குச் சீட்டு உறை தைத்தே காலம் தள்ளியவர். தையலில் நடுவே ஓடும் வரிகளைப் பழைய உறையில் இருந்தது போலவே போட்டுவிட்டார். யாரும் சொல்லவில்லை. கை அப்படிப் பழகியிருக்கிறது.

மொத்தம் 5 நாள் வேலை.

மதினியின் நிபந்தனை

சோபா தயாரானது. ஆனால் டிரைவரின் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்கிறது ஓர் அறை. அதிலே பழைய இரும்பைக் கொண்டு வந்து அடைத்தால் அரிசி மூட்டையை எங்கே வைப்பது? என் தலையிலா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. மும்பையில் தமிழர்கள் வசிக்கும் அறைகளில் ஒரு சாமான் ஒரே வேலைக்கு இருக்க முடியாது. கட்டிலுக்குக் கீழே பெட்டி, பெட்டிக்கு மேலே துணி, துணிக்கு மேலே பிள்ளைகளின் புத்தகம் என்று அடுக்கினால்தான் குடும்பம் நடக்கும்.

டிங்கர் சீட்டை மறுபடியும் பட்டறைக்குத் தூக்கிப் போனார். அதே வண்டியின் டிக்கி மூடி பங்கார் கடையில் இன்னும் விற்காமல் கிடந்தது. அதை வாங்கி வந்து, வெட்டி, சோபாவுக்குக் கீழே மூன்று பக்கமும் தகடு அடைத்துப் பெட்டி ஆக்கினார். சீட்டை இரண்டு கீல் போட்டு மேலே தூக்கும்படி வைத்தார். காரில் டிக்கியைத் திறப்பது போலத்தான். இப்போது அதற்குள் 25 கிலோ அரிசி மூட்டையும், 2 பித்தளைக் குடமும், பண்டிகைக்கு எடுக்கும் பாத்திரங்களும் இருக்கின்றன.

"மதினி சொன்னதுதான் சரியான டிசைன். நான் செய்தது வெறும் சீட்டு. அவங்க சொன்ன பிறகுதான் அது வீட்டுச் சாமான் ஆச்சு" என்று டிங்கர் கூறுகிறார்.

லண்டன் நாற்காலி

காரை வைத்து நாற்காலி செய்வது வெளிநாட்டு நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். இது பாதி உண்மைதான்.

1981-ல் லண்டனில் ரான் அராட் என்பவர் பழைய இரும்புக் கடையில் இருந்து ரோவர் 2000 காரின் தோல் சீட்டுகளை வாங்கினார். சாரம் கட்டப் பயன்படும் இரும்புக் குழாயை வளைத்து அதில் சீட்டைப் பொருத்தினார். "ரோவர் நாற்காலி" என்று அதற்குப் பெயர். பிரான்சு நாட்டு உடை வடிவமைப்பாளர் ழான் பால் கோத்தியே தேடிவந்து வாங்கினார். டெல் அவீவில் பிறந்து லண்டனுக்கு வந்த அராட், அந்த நாற்காலியால் உலகப் புகழ் அடைந்தார். அவருடைய நாற்காலி இன்று மியூசியங்களில் இருக்கிறது.

அதற்கும் முன்பே இத்தாலியில் காஸ்டிலியோனி சகோதரர்கள் இந்த வழியில் இறங்கியிருந்தார்கள். 1957-ல் டிராக்டர் சீட்டை ஒரு வளைந்த எஃகுப் பட்டை மேல் பொருத்தி முக்காலி போல ஓர் ஆசனம் செய்தார்கள். 1962-ல் கார் ஹெட்லைட்டை ஒரு கம்பத்தின் தலையில் வைத்து விளக்கு செய்தார்கள். ஒயரைக் கம்பத்தோடு பிடித்துக்கொள்ள, தூண்டில் கம்பில் இருக்கும் வளையங்களைப் போட்டார்கள். இரண்டும் தொழிற்சாலையில் தயாராகி உலகமெங்கும் விற்பனை ஆயின.

இது ஒரு பக்கம். மறுபக்கம் என்ன?

இந்தியாவில் எந்த ஊர் மெக்கானிக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வண்டி ரிப்பேருக்கு விட்டவர் காத்திருக்க ஓர் ஆசனம் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் அம்பாசிடரின் பின் சீட்டாகவோ, பத்மினியின் பின் சீட்டாகவோ இருக்கும். கீழே 2 மரக்கட்டை, அல்லது 2 பழைய டயர். அதில் உட்கார்ந்து டீ குடிக்காத லாரி டிரைவர் உண்டா? அராட் செய்ததற்கு முன்பும் அது இருந்தது, பின்பும் இருந்தது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. விலையும் வைக்கவில்லை.

அரிவாள் ஆன கமான் பட்டை

நம் ஊரில் வண்டியின் உறுப்பு எதுவும் வீணானது இல்லை. லாரியின் கமான் பட்டை தேய்ந்து கழிந்தால் கொல்லன் உலைக்குப் போகும். வில் எஃகு என்பதால் அதில் கரிச்சத்து அதிகம். காய்ச்சி அடித்துத் தண்ணீரில் தோய்த்தால் முனை மழுங்காத அரிவாள் கிடைக்கும். கதிர் அறுக்கும் அரிவாளில் இருந்து திருப்பாச்சேத்தி அரிவாள் வரை, கமான் பட்டையில் அடித்தது என்றால் தனி மதிப்பு.

பழைய டயர் செருப்பு ஆனது. கிணற்றுக்கு வாளி ஆனது. மாட்டு வண்டிக்குச் சக்கரமும் ஆனது. கல் ரோட்டில் மரச்சக்கரம் குலுக்கிய இடத்தில் டயர் வண்டி வழுக்கிக்கொண்டு போனதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குர்லா டிங்கரும் அந்த வழியில் வந்தவர்தான். அவருடைய தாத்தா கொல்லுப் பட்டறை வைத்திருந்தவர்.

எது என்ன ஆகும்?

சோபாவைப் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, டிங்கருக்கு வேறு சில வேலைகளும் வந்தன. எந்த உறுப்பு எதற்கு ஏற்றது என்று அவர் சொல்லும் விவரம் இது:

போனட்: சுவரில் மாட்டினால் மடக்கு மேஜை. பத்மினி, அம்பாசிடர் போனட்டின் தகடு கனமானது. பிள்ளைகள் எழுதினால் அதிராது. நடுவில் உள்ள மேட்டைத் தட்டிச் சமன் செய்ய முடியாது. மேலே பலகை போட வேண்டும்.

டிஸ்க்: ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டைப் பற்றவைத்து மேலே மெத்தை வைத்தால் முக்காலி. கனம் இருப்பதால் பிள்ளைகள் தள்ளி விளையாடினாலும் கவிழாது.

என்ஜின் பிளாக்: மேலே கண்ணாடி போட்டால் டீ மேஜை. பார்க்க அழகு. ஆனால் வார்ப்பு இரும்பு. ஒரு ஆள் தூக்க முடியாது. பழைய கட்டிடத்தில் மாடியில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். துளைகளுக்குள் இருக்கும் பழைய ஆயில் முழுவதையும் எடுக்காவிட்டால் ஆறு மாதம் கழித்தும் தரையில் கசியும்.

கிராங்க் ஷாப்ட்: செங்குத்தாக நிறுத்தினால் விளக்குக் கம்பம்.

பல்சக்கரம், கிளட்ச் தட்டு: சுவர்க் கடிகாரம். பேட்டரியில் ஓடும் கடிகார மிஷினை நடுவில் வைத்தால் போதும்.

பம்பர்: சுவரில் பதித்தால் அலமாரித் தட்டு, துணி மாட்டும் கம்பி.

கதவுக் கண்ணாடியை மேஜைக்குப் போடலாமா என்று பலர் கேட்கிறார்களாம். அப்படியே முழுசாகப் போடலாம். அளவுக்கு வெட்ட முடியாது. அது சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்திய கண்ணாடி. வெட்டுக் கத்தி பட்ட நிமிஷமே கல்கண்டு போல நொறுங்கிவிடும்.

புது மாடல் கார்களில் இந்த வேலை அதிகம் இல்லை என்கிறார். "பம்பர் பிளாஸ்டிக். உள்ளே பாதி பிளாஸ்டிக். தகடு மெல்லிசு. இடித்துக்கொண்டு வந்தால் தட்டி எடுக்கச் சொல்லுகிறவர் குறைவு. கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுகிறார்கள். சுத்தியல் பிடிக்கிறவனுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்.

அந்தக் கேள்வியில்தான் அவருடைய கவலை எல்லாம் இருக்கிறது. ஒரு காலத்தில் அவர் பட்டறையில் 6 பேர் வேலை செய்தார்கள். 5 பேர் டாக்சிகளை நம்பி இருந்தவர்கள். இப்போது இருப்பது அவரும் ஒரு பையனும் மட்டும்.

கூலியும் விலையும்

சோபாவின் புகழ் ஒரு சாமான் கடைக்காரர் காதுக்கும் எட்டியது. பெரிய ஓட்டல்களுக்கு அலங்காரச் சாமான் விற்பவர். பத்மினியின் முன் பாகத்தை, இரண்டு ஹெட்லைட்டும் கிரில்லும் சேர்த்து அப்படியே அறுத்து, பின்னால் பலகை வைத்து, ஓட்டல் வாசலில் போடும் மேஜையாகச் செய்து தரச் சொன்னார். கறுப்பு, மஞ்சள் வர்ணம் அடிக்க வேண்டும் என்றார்.

டிங்கர் 9 நாள் உழைத்தார். கூலி கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார். சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனவர், கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்தார். விலைச் சீட்டையும் பார்த்தார். அவருக்குக் கிடைத்த கூலியைப் போல 11 மடங்கு! ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. கூடப் போன பையன் படித்துச் சொன்னான். வடிவமைத்தவர் என்று கடைக்காரரின் பெயரே இருந்ததாம்.

"கோபம் வரவில்லையா?" என்று கேட்டதற்கு, "இரும்பு அவர் வாங்கித் தந்தது. கடை வாடகை, மின்சாரம், வண்டிச் செலவு எல்லாம் அவருக்கு உண்டு. 11 மடங்கு என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. மூன்று மடங்கு என்றால் நானே வாழ்த்தியிருப்பேன்" என்றார்.

அடுத்த ஆர்டருக்குக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். டிங்கர் இரண்டு நிபந்தனை போட்டார். கூலி நாள் கணக்கு வேண்டாம், சாமான் கணக்கு. இரண்டாவது, அடிப்பக்கத்தில் பட்டறையின் பெயரைப் பொறிப்பேன் என்றார். ஆள் போனவர் திரும்பி வரவில்லை.

"தப்பு செய்துவிட்டோமோ என்று ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. பட்டறை வாடகை இருக்கிறதே! ஆனால் பேசியதை மாற்றிக்கொள்ளவில்லை" என்கிறார். அதற்குப் பிறகு நேராக வந்து கேட்கிறவர்களுக்கு மட்டும் செய்கிறார். மாதத்துக்கு 2 உருப்படி, சில மாதம் ஒன்றுதான். டிங்கரிங் வேலையோடு சேர்த்தால் வாடகைக்குச் சரியாகப் போகிறது.

கத்தி வைக்கும் முன்

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இவை உயிர் சம்பந்தப்பட்டவை.

பெட்ரோல் டாங்கியில் வெல்டிங் வைக்கக்கூடாது. காலி டாங்கிதான் அதிக ஆபத்து. உள்ளே தங்கியிருக்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். காஸ் சிலிண்டருக்கும் அதே விதி.

சீட்டுக்குப் பற்றவைக்கும்போது ஸ்பாஞ்சையும் துணியையும் முழுவதும் கழற்றிவிட வேண்டும். பழைய ஸ்பாஞ்சு தீப்பிடித்தால் அணைப்பதற்குள் அறை முழுவதும் நச்சுப்புகை சூழும்.

பம்பரின் பளபளப்பு குரோமிய முலாம். அதன் மேல் நெருப்பு வைத்தால் வரும் புகை நுரையீரலுக்குக் கேடு. துத்தநாக முலாமும் அப்படியே. பற்றவைக்கும் இடத்தில் முலாமைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். வெட்டவெளியில் வேலை செய்ய வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி பறக்கும். தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதும், மூக்கைக் கட்டிக்கொள்வதும், பிள்ளைகளை அருகில் விடாமல் இருப்பதும் அவசியம். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. லைனிங் ஒட்டிய பாகத்தை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

ஹெட்லைட் 12 வோல்ட்டில் எரிவது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பழைய பல்பை எடுத்துவிட்டு, வேறு ஹோல்டர் வைத்து, எல்.இ.டி. பல்பு போட வேண்டும். உடம்பு முழுவதும் இரும்பு என்பதால் மூன்று கம்பி ஒயர் போட்டு எர்த் கொடுப்பது கட்டாயம்.

புது வண்டிகளில் காற்றுப்பை இருக்கும். அதற்குள் வெடிமருந்து உண்டு. ஸ்டீரிங்கை அலங்காரத்துக்குக் கழற்ற நினைப்பவர்கள் அதைத் தொடாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

காகிதம் முக்கியம்

உறுப்பு எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். உத்தரப்பிரதேசம் மீரட் நகரில் சோத்தி கஞ்ச் என்ற பெரிய சந்தை இருந்தது. திருட்டு வண்டிகளை அங்கே கொண்டுபோய்ச் சில மணி நேரத்தில் பிரித்துவிடுகிறார்கள் என்று பல ஆண்டு புகார். 2021 டிசம்பரில் போலீசார் அந்தச் சந்தையை மூடினார்கள். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று கதவையோ, என்ஜினையோ வாங்கினால், நாளைக்கு வீட்டு வாசலில் போலீஸ் நிற்கலாம்.

சொந்த வண்டியை உடைப்பதானாலும் முறை உண்டு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி பதிவை ரத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி போன பிறகும் அதன் எண் உங்கள் பெயரில் இருக்கும். வண்டிகளை உடைப்பதற்கென்றே பதிவு பெற்ற நிலையங்கள் அமைக்க மத்திய அரசு 2021-ல் விதி வகுத்தது. அங்கே ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால், பதிவுக் கட்டணம் தள்ளுபடி ஆகும். மாநில அரசு வழங்கும் வரிச்சலுகை சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையும், வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரையும் இருக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தது.

குர்லா டிங்கர் தன்னிடம் வரும் ஒவ்வொரு உறுப்புக்கும் சீட்டு வைத்திருக்கிறார். செய்து கொடுக்கும் சாமானோடு அதன் நகலும் போகிறது. "இது எந்த வண்டியின் சீட்டு, யார் ஓட்டியது என்று வாங்குகிறவர் கேட்கிறார். சொல்லத் தெரிந்தால் அவருக்குச் சந்தோஷம்" என்கிறார்.

"எங்கே போகணும்?"

தாராவி அறையில் சாயங்காலம் ஆனால் கூட்டம் சேருகிறது. பழைய டாக்சி டிரைவர்கள் வருகிறார்கள். சோபாவில் மூன்று பேர், தரையில் நாலு பேர். அந்தக் காலத்துச் சவாரிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். மழையில் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், கல்யாண வீட்டுக்குப் பூ மூட்டையோடு போனவர்கள், பிரசவ வலியில் துடித்த பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போன ராத்திரி.

அரிசி எடுக்க வேண்டி வரும்போது வீட்டுக்கார அம்மாள் எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். சீட்டைத் தூக்குகிறார். அரிசியை அளந்து எடுத்துவிட்டு மூடுகிறார். மறுபடியும் எல்லோரும் உட்காருகிறார்கள்.

டிரைவர் மட்டும் பெரும்பாலும் எதிரே ஒரு ஸ்டூலில் உட்காருகிறார். ஆசைப்பட்டுச் செய்த சீட்டில் உட்கார அவருக்குத்தான் இடம் கிடைப்பது இல்லை. புதிதாக யாராவது வந்து சோபாவில் உட்கார்ந்தால், ஸ்டூலில் இருந்தபடியே பாதி திரும்பி, அவர் கேட்கும் முதல் கேள்வி:

"எங்கே போகணும்?"